ராயின் பீப்பாயும் சுடாத பல்பும்

வெஸ்லி கங்காஸுக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு: ஒருவேளை வெஸ். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவன் வாயிலிருந்து முதலில் வந்து விழுவது அந்தச் சொல்தான். "ஒருவேளை டயர் வெடிச்சுட்டா?" "ஒருவேளை இந்த மீன்ல முள்ளு மாட்டிக்கிட்டா?" கல்யாணத்தன்று பாதிரியார், இந்தப் பெண்ணை ஏற்கிறாயா என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள், பின்வரிசையிலிருந்து ராய் லுவோமா அச்சு அசலாக வெஸ்ஸின் குரலில், அந்த மூக்கடைத்த இழுவையோடு, "ஒருவேளை அவ வேணாம்னுட்டா?" என்றான். தேவாலயமே சிரித்தது. வெஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்த நிமிஷம் அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றான்.

ஆளைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், கரடிக் கை. கவுண்டி நிர்வாகத்தின் ரோட்டுப் பனி வாரும் லாரியை முப்பது குளிர்காலம் ஓட்டியவன். அமெரிக்காவின் வட எல்லையில் கிடக்கும் சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று கிளம்பி ரோடு, வானம், மரம் எல்லாம் ஒரே வெள்ளையாகக் கரைந்துபோகும் நாட்களில்கூட, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டு முனகியபடி போவான். கேட்டால், "எனக்கு முன்னாடி அத்தனை டன் இரும்பு போகுதே, அப்புறம் எனக்கென்ன பயம்?" என்பான். லாரியை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தால்தான் வம்பு. டோஸ்டர் பயம். ஏணி பயம். டெலிபோன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

ராய் எதிர்வீட்டுக்காரன், வெஸ் பிறந்த வருஷமே பிறந்தவன். ஏழு வயதில் இருவரும் உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போனபோது வெஸ் கரையிலேயே வேர்விட்டு நின்றுவிட்டான். காலடியில் எங்கோ ஆழத்திலிருந்து ஏரி முனகியது, மாடு கன்று போடும்போது முனகுமே, அந்த மாதிரி. ராய் விறுவிறுவென்று நடந்துபோய் நடுவில் நின்று தொம் தொம் என்று குதித்துக் காட்டினான்.

"பாத்தியா? ஒண்ணும் ஆவல. நான் மிதிச்ச எடத்துலயே மிதிச்சு வாடா."

வெஸ் அவனுடைய பூட்ஸ் தடத்தில் கால் வைத்து வைத்துப் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு வாழ்க்கை முழுக்க அப்படித்தான் போனான். ராய் கவுண்டி வேலைக்குச் சேர்ந்தான், மறு வருஷம் வெஸ் சேர்ந்தான். ராய் லொரேனைக் கட்டினான், பிறகு வெஸ் ஆர்டிஸைக் கட்டினான். முட்டி ஆபரேஷனைக்கூட ராய் முதலில் செய்துகொண்டு, ஊன்றுகோலோடு ரோட்டைத் தாண்டி வந்து, "ஒண்ணும் ஆவல" என்று சொன்னபிறகுதான் வெஸ் டாக்டரிடம் போனான்.

டிசம்பரில், மான் வேட்டை முடிந்த கையோடு, வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ராய் படிக்கட்டில் சற்று உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. முன்னால் போய்க் குதித்துப் பார்க்கிற வேலையில் இதையும் அவனே முதலில் செய்துவிட்டான். ஆனால் இந்த முறை திரும்பி வந்து ஒண்ணும் ஆவல என்று சொல்லவில்லை.

டிசம்பரில் போனவனை அந்த ஊரில் உடனே புதைக்க முடியாது. மண் பாறையாகிவிடும், கடப்பாரை எகிறும். பெட்டியைக் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மண் இளகும் மே மாதம் வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அதுவரை செத்தவன் பாதிதான் போனவன். லொரேன் அந்தக் குளிர்காலத்தைத் தனியாகக் கழிக்கப் பயந்து, வீட்டுக் குழாய்களில் தண்ணீரை வடித்து, ஹீட்டரை அணைத்துவிட்டு, அரிசோனாவில் இருக்கும் மகளிடம் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் வெஸ் வீட்டுச் சமையலறையில் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"வெஸ், ராயோட பீப்பாய் ஒண்ணு இருக்கு."

ராய் ஒவ்வொரு செப்டம்பரிலும் தன் கராஜில் ஒரு பீப்பாய் கறுப்பு பீர் காய்ச்சுவான். குளிர்காலம் முழுக்க அதைத் தொடமாட்டான், யாரையும் தொடவிடமாட்டான். ஏரியில் பனி உடைகிற அன்றைக்குத்தான் குழாயைத் திறப்பான். தெருவே கிளாஸோடு வந்து நிற்கும்.

"அதை அவனைப் பொதைக்கிற அன்னைக்குத் தொறக்கணும். அவன் கையால செஞ்சதுல மிச்சம் அது ஒண்ணுதான். எங்க வீட்ல பாக்க ஆளில்லாம கெடந்தா கல்லாயிடும். ஒன் கராஜ்ல வச்சுக்கிறியா?"

வெஸ் வாயைத் திறந்தான். "ஒருவேளை…"

"வச்சுக்குவான்," என்றாள் ஆர்டிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு வரிசை கட்டிச் சோறு போட்டவள் அவள். அவள் பேச்சு கத்தரிக்கோல் மாதிரி, வெட்டியது வெட்டியதுதான். "இவன் பயப்படுறதுக்கு ஏதாவது வேணும். இல்லன்னா என்னைப் பாத்துப் பயந்துக்கிட்டு கெடப்பான்."

ராயின் பீர்ப் பெட்டி என்பது ஒரு பழைய ஃப்ரிட்ஜ்தான். கதவில் ஓட்டை போட்டு ஒரு குழாய், உள்ளே இரும்புப் பீப்பாய், அதன் பக்கத்தில் பீரைக் குழாய்க்குத் தள்ளுகிற ஒரு சின்ன கேஸ் சிலிண்டர். கோடையில் அது மற்ற ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர வைக்கும். ஜனவரியில் அந்த ஊர்க் கராஜில் ஃப்ரிட்ஜ் என்பது சாமானைச் சூடாக வைக்கிற பெட்டி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்போது அந்த மோட்டாருக்கு ஒரு வேலையும் கிடையாது. அதற்குக் குளிர வைக்கத்தான் தெரியும், சுட வைக்கத் தெரியாது. அதனால் உள்ளே ஒரு காப்பித்தூள் தகர டப்பா, ஆணியால் குத்திய ஓட்டைகளோடு. டப்பாவுக்குள் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

"அந்த பல்பு அணையாம பாத்துக்கோ," என்றாள் லொரேன். "அது எரிஞ்சா போதும்."

பெட்டியை ரோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெஸ்ஸின் கராஜுக்கும் ஹீட்டர் இல்லை. பின்சுவரில் ஒரு கதவு. திறந்தால் உடை மாற்றும் சின்ன அறை. அதற்கும் உள்ளே சௌனா. வாரம் முழுக்கக் குளிரில் விறைத்த உடம்பை சனிக்கிழமை அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து வேகவைத்து எடுக்கிற அறை. ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறிய தாத்தாக்களின் வழக்கம், அது இல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை.

அன்றிலிருந்து வெஸ்ஸுக்கு உறக்கம் போயிற்று. ஒரு தெர்மாமீட்டர் வாங்கினான். முனையைப் பெட்டிக்குள் விட்டு, எண் காட்டும் திரையைக் கராஜ் சுவரில் மாட்டினான். ஃபாரன்ஹீட் கணக்கில் முப்பத்தெட்டு காட்டினால் நல்லது. முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும். பீருக்குள் சாராயம் இருப்பதால் அது இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்து, இருபத்தெட்டு வாக்கில் உறையும். இந்த மூன்று எண்ணும் அவனுக்கு ஜெபம் மாதிரி ஆகிவிட்டன. திரையில் முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. சரி, நிம்மதியாக இருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவன் நினைக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு வெளிச்சமாக இருந்ததும் பேய்.

ஒருநாள் அந்தத் தகர டப்பாவைத் தொட்டுப் பார்த்தான். கை சுட்டது.

அப்படியே நின்றான். பூட்டின பெட்டி. சுற்றிலும் பிளாஸ்டிக். நடுவில் சுடுகிற டப்பா. ஒருவேளை டப்பா சாய்ந்து பிளாஸ்டிக்கில் பட்டுவிட்டால்? பெட்டி பற்றும், கராஜ் பற்றும், கராஜிலிருந்து வீடு. ஆர்டிஸ் இரவு உடையில் பனியில் நிற்பது அவன் கண்முன் வந்தது. தீயணைப்பு வண்டி வந்து, குழாயில் தண்ணீர் உறைந்து, எல்லாரும் கைகட்டி நிற்க, ராயின் பீப்பாய் நெருப்புக்குள்.

நேரே வீட்டுக்குள் போய் நடைவழி விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தான். புது மாதிரி பல்பு, எவ்வளவு நேரம் எரிந்தாலும் கையில் பிடிக்கலாம். டப்பாவிலிருந்த பழைய பல்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். பளிச்சென்று எரிந்தது, முன்னைவிட வெள்ளையாக. கால்மணி நேரம் காத்திருந்து டப்பாவைத் தொட்டான். சுடவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆபத்தைத் தானே முன்னால் போய்த் தீர்த்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வாரம் வெளியே குளிர் இளகியிருந்தது, வாசல் பனிகூடச் சொட்டியது. திரையும் முப்பத்தெட்டைவிட்டு அசையவில்லை. அன்றிரவு அவன் குறட்டை விட்டுத் தூங்கினான் என்று ஆர்டிஸ் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

பிறகு வடக்கிலிருந்து பெருங்குளிர் இறங்கியது.

ரேடியோக்காரன், நாய்களை வெளியே விடாதீர்கள் என்றான். மரங்கள் வெடித்தன. சாறு உறைந்து தண்டு பிளக்கிற சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்கும். கராஜுக்குள் வெஸ் விட்ட மூச்சு அவன் மீசையிலேயே பனியாக நின்றது. சுவரில் மாட்டிய திரையைப் பார்த்தான். அதில் எண்ணே இல்லை. குளிரில் பேட்டரி செத்துப்போயிருந்தது. தட்டினான். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், அவ்வளவுதான்.

பெட்டிக் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்தான், அதற்கு மேல் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும். டப்பா ஓட்டைகள் வழியாக வெள்ளை வெளிச்சம். எரிகிறது. லொரேன் என்ன சொன்னாள்? அது எரிஞ்சா போதும். மூடிவிட்டான்.

மறுநாள் பெட்ரோல் பங்க் காப்பிக் கவுண்டரில் மெல் பெல்கோனன் பிடித்துக்கொண்டான். மெல்லும் லாரிக்காரன்தான். வாயைத் திறந்தால் கதை, கதையில் பாதி உப்பு, மீதி உறைப்பு.

"என்ன ஒருவேளை, பீப்பாய் சௌக்கியமா?"

"பல்பு எரியுது."

"எரியும் எரியும். எங்க சித்தப்பா மவன் கதை தெரியுமா ஒனக்கு? அவனும் பல்பு எரியுதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தான். பீப்பாய் உள்ள உறைஞ்சு உப்பிப்போச்சு. உப்புனா எங்க போவும்? பொம்முனு ஒரு சத்தம். மூடி கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டுக்காரன் கோழிக்கூண்டுல விழுந்துச்சு. ரெண்டு கோழி போச்சு."

"நெசமாவா?"

"ஒரு கோழிக்குப் பேரு சூசன்."

கவுண்டரில் எல்லாரும் காப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். வெஸ் காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான். கதை பொய் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் பயத்துக்கு உண்மை பொய் தெரியாதே.

சனிக்கிழமை காலை அவனால் தாங்க முடியவில்லை. குழாயைத் திறந்து ஒரு சொட்டு பார்க்கலாம்தான். ஆனால் மே மாதம் வரை தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். அதனால் கதவைத் திறந்து, பீப்பாயின் கழுத்தைப் பிடித்து, மெல்லச் சாய்த்தான். உள்ளே பீர் ஒருபக்கமாக ஓடுகிற சத்தம் வர வேண்டும். தளக்கென்று ஒரு சத்தம்.

வரவில்லை.

இன்னொருமுறை சாய்த்தான். மறுபக்கம் சாய்த்தான். ஒரு சத்தமும் இல்லை. கல்லைச் சாய்ப்பது மாதிரி. பீப்பாயின் அடிப்பக்கம் கையில் தட்டுப்பட்டது. தட்டையாக இருக்க வேண்டிய இடம் லேசாகப் புடைத்திருந்தது.

பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்தான். கை தானாகப் போய்த் தகர டப்பாவைத் தொட்டது. உள்ளே பல்பு பளபளவென்று எரிகிறது. டப்பா பனிக்கட்டி மாதிரி ஜில்லிட்டுக் கிடக்கிறது. சுடாத பல்பு. அவனே தேடி எடுத்து, அவனே மாட்டியது. எரிஞ்சா போதும் என்று அவள் சொன்னது வெளிச்சத்துக்காக இல்லை, சூட்டுக்காக. இருட்டுப் பெட்டிக்குள் ஒரு பீப்பாய்க்கு வெளிச்சம் எதற்கு? படிக்கவா போகிறது?

"ஆர்டிஸ்," என்று கூப்பிட்டான். இன்னொருமுறை கூப்பிட்டான்.

அவள் வந்து பார்த்தாள். பீப்பாயைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"அப்ப நடைவழியில பல்பு காணாமப் போனது எலி தூக்கிட்டுப் போகல."

"ராயைக் கொன்னுட்டேன் ஆர்டிஸ்."

"ராய் ஏற்கெனவே செத்துட்டான். இது பீர். எந்திரி."

"ஒருவேளை வெடிச்சுட்டா?"

"வெடிக்கிறதுக்கு முன்னாடி கேஸைக் கழட்டு."

அதுதான் செய்ய வேண்டியது என்று வெஸ்ஸுக்கும் தெரியும். சிலிண்டரை மூடி, குழாயைப் பீப்பாயிலிருந்து பிடுங்கி, மேலே இருக்கும் சின்ன வளையத்தை இழுத்தால் உள்ளே அடைபட்ட கேஸ் வெளியேறிவிடும். தெரிவது வேறு, கை நீட்டுவது வேறு. அவன் போய் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டான். வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டான். கைக்கு லாரிக்காரன் தோல் உறை. ஆர்டிஸை வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னான்.

"நிலாவுக்குப் போறவன் மாதிரி இருக்க," என்றாள் அவள், கதவுக்குப் பின்னால் போகாமல்.

குனிந்தான். முகமூடிக்குள் தன் மூச்சே புயல் மாதிரி கேட்டது. வேறெந்த நாளாக இருந்தாலும் ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். ராய் செருப்போடு வந்து, அந்த வளையத்தை ஒற்றை விரலால் சுண்டி, ஒண்ணும் ஆவல என்றிருப்பான். எதிர்வீட்டு ஜன்னல்கள் இருட்டாக இருந்தன. வெஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இழுத்தான்.

வளையம் அசையவில்லை, உறைந்திருந்தது. தோல் உறையைக் கழற்றி, வெறும் கையால் அதைப் பொத்திப் பிடித்தான். இரும்பு தோலைக் கவ்வியது. வலி முழங்கை வரை ஏறியது. விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான், கைச்சூடு ஏறும் வரை. மறுபடி இழுத்தான்.

உஸ்ஸ்ஸ்.

ஒரு நீண்ட பெருமூச்சு. ஓய்ந்தது. கூரை கூரையாகவே இருந்தது.

இனி இளக வைக்க வேண்டும், அதுவும் மெதுவாக. சமையலறையில் விறகடுப்பு எரிகிறது, அந்தச் சூட்டில் வைத்தால் சட்டென்று உருகி பீர் கெட்டுவிடும் என்று பயந்தான். வீட்டுக்கு அடியிலிருக்கும் நிலவறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பனி படிந்த படிக்கட்டு. சௌனாவுக்கு முன்னால் இருக்கும் உடை மாற்றும் அறைதான் மிச்சம், மிதமான குளிர். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவிடுக்கில் காற்று வந்ததால் ஆர்டிஸ் தன் பூப்போட்ட குளியல் அங்கியைக் கொண்டுவந்து பீப்பாய்க்குப் போர்த்தி, இடுப்பில் முடிச்சும் போட்டாள்.

அன்று சனிக்கிழமை என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. சாயங்காலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெல் வழக்கம்போல் சௌனாவுக்கு வந்துவிட்டான். கதவைத் திறந்தவன் நின்றான். பெஞ்சில் பூப்போட்ட அங்கியோடு ஓர் உருவம். அதன் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வெஸ்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றான் மெல் பீப்பாயிடம். "வீட்ல வேற லேடீஸ் இருக்காங்கன்னு தெரியாது."

வெஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டேய் ஒருவேளை. என்னடா இது?"

"உறைஞ்சுபோச்சு மெல். நான்தான். சுடுற பல்பை எடுத்துட்டு சுடாத பல்பைப் போட்டேன்."

மெல்லின் வாயில் ஏதோ ஒரு நக்கல் வந்து நின்றது, வெளியே தெரிந்தது. அதை அவன் விழுங்கிவிட்டான். பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அங்கியின்மேல் காதை வைத்துக் கேட்டான்.

"ஒண்ணும் பேச மாட்டேங்கிறான்," என்றான்.

"அடுப்பைப் பத்த வச்சா இந்த ரூமும் கொதிக்கும்," என்றான் வெஸ். "இன்னைக்கு சௌனா கெடையாது. நீ போ."

"சனிக்கிழமை சௌனா இல்லையா?" மெல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை சூரியன் இல்லை என்று சொன்ன மாதிரி இருந்தது. கொஞ்சம் யோசித்தான். "கொஞ்சமா பத்த வைப்போம். ரெண்டு கட்டை. நடுக்கதவை லேசாத் தொறந்து வச்சா இவனுக்கும் இதமா இருக்கும்."

அப்படியாக, அந்தத் தெருவின் சரித்திரத்திலேயே முதல்முறையாக இரண்டு ஃபின்லாந்துக்காரர்களின் பேரன்கள் வெதுவெதுப்பான சௌனாவில் உட்கார்ந்தார்கள். வியர்க்கவில்லை. மெல் குளிரில் மேலுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டான். சௌனாவுக்குள் ஸ்வெட்டர் என்பது தேவாலயத்துக்குள் நீச்சலுடை மாதிரி. வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினான்.

"இதை ராய் பாத்திருந்தா," என்றான் மெல். பிறகு குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, ராயாகவே மாறினான்: "என்னங்கடா, மாதாகோயில் டீ பார்ட்டியா இது?"

வெஸ் சிரித்தான், அதே மூச்சில் அழுதான். இரண்டும் ஒன்றாக வந்ததால் விக்கல் எடுத்தது. "எனக்குப் பயமா இருக்கு மெல். அவன் போனதுலருந்து பயமா இருக்கு. எங்க கால் வைக்கணும்னே தெரியல."

மெல் எழுந்து போய் இன்னொரு கட்டையை எடுத்தான், சின்னதாகப் பார்த்து.

வெகுநேரம் கழித்துப் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். டொக். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெஸ் போய் அங்கியோடு சேர்த்துப் பீப்பாயைக் கட்டிப்பிடித்து மெல்லச் சாய்த்தான். உள்ளே ஒரு பெரிய பனிக்கட்டி சுவரில் மோதியது. அதைச் சுற்றித் தளக்கென்று பீர் ஓடியது.

பழைய பல்பு மறுபடி டப்பாவுக்குப் போனது, பீப்பாயும் பெட்டிக்குத் திரும்பியது. பயம் மட்டும் வெஸ்ஸின் வயிற்றைவிட்டு எங்கும் போகவில்லை. உறைந்து இளகிய பீர் கலங்கிப்போகும், நுரை போய்விடும், ருசி கெடும் என்று கேள்விப்பட்டிருந்தான். லொரேன் அரிசோனாவிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் கழிப்பறைக்குள் புகுந்துகொண்டான். "வெஸ்ஸுக்கு வயிறு சரியில்ல," என்பாள் ஆர்டிஸ். மார்ச் கடைசியில் லொரேன் கேட்டாள்: "குளிர்காலம் பூரா சரியில்லையா அவனுக்கு?"

மே மாதம் ஏரியில் பனி உடைந்தது. மண் இளகியது. கல் அறையைத் திறந்து ராயை வெளியே கொண்டுவந்து, ஈர மண்ணில் இறக்கினார்கள். பாதிரியார் முடித்ததும் எல்லாரும் வெஸ்ஸின் கராஜ் முன்னால் கிளாஸோடு வந்து நின்றார்கள். வெஸ் குழாயைத் திறந்தான். முதல் கிளாஸ் லொரேனுக்கு. நுரை சிறுத்திருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தபோது கறுப்புக்குள் மண் கரைத்த மாதிரி ஒரு கலங்கல், அதில் சின்னச் சின்னத் துகள்கள்.

லொரேன் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முகம் கோணியது.

"லொரேன்," என்றான் வெஸ். "ஒருவேளை…"

"ஒருவேளை என்ன?" கண்ணைத் திறந்தாள், கண் நிறைந்திருந்தது. "உறைய விட்டுட்டியா?"

மெல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெஸ் ஆமென்று தலையை ஆட்டினான்.

"அதான பாத்தேன்." இன்னொரு வாய் குடித்தாள். "அந்த டப்பாவும் பல்பும் யார் யோசனைன்னு நெனச்ச? என்னோடது. அவன் எந்த வருஷமாவது ஞாபகமா அந்த ஸ்விட்சைப் போட்டிருக்கானா? ஜனவரியானா தவறாம உறைய விடுவான். அப்புறம் ஏப்ரல்ல யாருக்கும் தெரியாம பின்வாசல்ல கொண்டுபோயி வெயில்ல வைப்பான். இத்தனை வருஷமா நீங்கல்லாம் ஆஹா ஓஹோன்னு குடிச்சது உறைஞ்ச பீரைத்தான்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒன் கையில குடுத்துட்டுப் போறப்போ என்ன நெனச்சேன் தெரியுமா? இந்தப் பயந்தாங்கொள்ளி ஒழுங்காப் பாத்துக்குவான், அப்புறம் இது ராயோட பீர் மாதிரி இருக்காதேன்னு."

வெஸ் தானும் ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்துப் பார்த்தான். ஆமாம், அதே ருசிதான். கலங்கின, நுரை இல்லாத, ஒவ்வொரு வசந்தத்திலும் குடித்த அதே ருசி. ராய் இங்கேயும் முன்னாலேயே வந்து மிதித்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

"முப்பது வருஷமா," என்றான் மெல் மெதுவாக, "என்னை ஏமாத்தியிருக்கான்." பிறகு கிளாஸை நீட்டினான். "இன்னொண்ணு ஊத்துடா."

பெட்டியை லொரேன் திரும்பக் கேட்கவில்லை. செப்டம்பரில் மெல்லும் வெஸ்ஸும் சேர்ந்து ஒரு பீப்பாய் காய்ச்சினார்கள். ராய் அளவுக்கு வரவில்லை, அவன் அளவுக்கு மோசமாகவும் வரவில்லை. குளிர் இறங்கியதும் வெஸ் டப்பாவுக்குள் குண்டு பல்பைத்தான் மாட்டினான். தினமும் சாயங்காலம் கராஜுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து டப்பாமேல் கையை வைக்கிறான். சுடுகிறது. பயம் வருகிறது, தீப்பிடித்த கராஜும், இரவு உடையில் ஆர்டிஸும், எல்லாம் வருகின்றன. கையை எடுப்பதில்லை. இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறான். பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியடியில் ஒரு வாளி மணல். மணல் எதற்கு என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"ஒருவேளை," என்றான்.